ரத்தத்தில் வைத்த ரேகை

பாரத மாதா சங்கத்தில் சேர்கிறவர்கள் குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரனின் ரத்தம் என்று சொல்லிக் குடித்தார்கள். பிறகு பெருவிரலைக் கீறி, சத்தியம் எழுதிய தாளில் ரத்தத்தாலேயே ரேகை வைத்தார்கள். இந்தக் காட்சி நமக்குத் தெரிவதே, உள்ளே இருந்தவர் அப்ரூவராகி கோர்ட்டில் சொன்னதால்தான்.

1911 ஜூன் 17, மணியாச்சி. திருநெல்வேலி கலெக்டர் ஆஷை ரயில் பெட்டியில் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். மேலப்பாளையத்திலிருந்து பைக்கில் கிளம்பினால் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் கொஞ்ச தூரம்தான். அதைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வருவதில்லை, அந்தத் தாள்தான் வரும். தொழில் புத்தி, வேறென்ன.

ரேகை வைத்தது சக தோழன் நம்புவதற்காக. ஆனால் ரேகைக்கு ஆள் பார்க்கத் தெரியாது. தோழனிடம் சொல்வதையே போலீஸிடமும் சொல்லும். அதிலும் கல்கத்தாவில் 1897-லேயே கைரேகைப் பிரிவு தொடங்கியாகிவிட்டது. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவுப்படி, கூட்டாளி சொல்வதை வேறு ஆதாரம் இல்லாமல் நம்பத் தேவையில்லை என்று கோர்ட் நினைக்க இடமிருந்தது. அந்த வேறு ஆதாரமாக நிற்கத் தோதான தாளைத்தான் இவர்கள் தங்கள் ரத்தத்தில் தயார் செய்துகொண்டிருந்தார்கள்.

யாக்கப்சன், சாகோ, இம்பக்லியாசோ என்ற மூவர் 1996-ல் இதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். நான் உங்களுக்கு மட்டும் என்று ஒரு கையெழுத்துப் போடுகிறேன். அது நிரூபிப்பது இவ்வளவுதான்: ‘இதைப் போட்டது நான், அல்லது நீங்கள்.’ நீங்கள் போடவில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அப்போ நான்தான். அதையே ஜட்ஜிடம் கொண்டுபோய் நீட்டினால், ‘நீயே போட்டிருக்கலாமே’ என்பார். தோழன் அப்ரூவரானால் கையில் இருக்கும் தாள் செல்லாக்காசு.

வாயை மட்டும் எந்தக் கணக்காலும் பூட்ட முடியாது. 14 பேர் மீது வழக்கு, 9 பேருக்குத் தண்டனை, நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 வருஷம். அப்ரூவர்கள் பேசிய பேச்சுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதம் வேறு ஜாதி. ஏன் சுட்டேன் என்று எழுதி, சொந்தப் பெயரையே போட்டு வைத்திருந்தார். அது போலீஸ், கலெக்டர் ஆபீஸ், ஊர், உலகம் எல்லோரும் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று போட்ட கையெழுத்து.