கண் பார்வை இல்லாமலும் முட்டை பொரிக்கலாம்: அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

நீரிழிவால் பார்வை இழந்தவர்களிடமிருந்து பல வீடுகளில் முதலில் பறிபோவது அடுப்படிதான். “நீங்க உட்காருங்கம்மா, நாங்க செஞ்சு தர்றோம்” என்று பிள்ளைகள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு, பசித்தாலும் யாராவது வரும்வரை அந்தத் தாய் காத்திருக்க வேண்டியுள்ளது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் வேளை தவறினால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கவும் கூடும்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே இது 31.4 விழுக்காடாக இருந்தது. எனவே இது நம் சமூகத்தில் பல வீடுகளைத் தொடும் விஷயம்.

கண் தெரியாமல் சமைக்கத் தொடங்குபவர்களுக்கு ஏற்ற எளிய உணவு, பொரித்த முட்டை. இதில் அடிப்படை விதி ஒன்றே: கையால் தொட வேண்டியதை எல்லாம் தீ மூட்டும் முன்பே தொட்டுவிட வேண்டும். நீண்டநாள் நீரிழிவு விரல்களின் உணர்ச்சியையும் குறைக்கலாம் என்பதால், சூட்டைக் கையால் சோதிப்பது கூடாது.

தீ மூட்டும் முன்

ஒட்டாத சிறிய சட்டி, அதற்குப் பொருந்தும் மூடி, தோசைக் கரண்டி, கிண்ணம், தட்டு ஆகியவற்றை வரிசையாக வைக்க வேண்டும். புடவைத் தலைப்பையோ துப்பட்டாவையோ செருகிக்கொள்ள வேண்டும். சட்டியை அடுப்பின் நடுவில் வைத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.

முட்டையை முதலில் கிண்ணத்தில் உடைக்க வேண்டும். கெட்டிருந்தால் மணம் காட்டிக் கொடுக்கும். ஓடு விழுந்திருந்தால் ஈர விரலுக்குத் தட்டுப்படும். பிறகு கையைக் கழுவி, ஆறிய சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முட்டையை ஊற்றி, உப்புத் தூவி மூட வேண்டும். மஞ்சள் கரு நன்றாக வேக வேண்டுமானால் அதைக் கரண்டியால் குத்தி விடலாம். மூடியின் ஆவி மேற்பக்கத்தையும் வேக வைப்பதால் திருப்பிப் போடத் தேவையில்லை.

காதுக்குக் கேட்கும் பக்குவம்

அடுப்பைச் சிறு தீயில் பற்ற வைக்க வேண்டும். பற்றவில்லை என்றால் உடனே மூடி, சன்னலைத் திறந்து, கேஸ் வாடை போன பிறகே மீண்டும் முயல வேண்டும்.

சற்று நேரத்தில் ‘சொய்ங்’ என்ற சத்தம் எழும். அதிலிருந்து சுமார் 3 நிமிடத்தில் வெள்ளைக் கரு இறுகும். 5 நிமிடத்தில் மஞ்சள் கருவும் இறுகத் தொடங்கும். அடுப்புக்கு அடுப்பு இது மாறும் என்பதால், முதல் சில தடவை பார்வையுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சரியான நேரத்தைக் கண்டறிய வேண்டும். கைப்பேசியிடம் வாயால் சொல்லியே நேரம் வைக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் முட்டையை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுவதே பாதுகாப்பு.

முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். சத்தம் அடங்கிய பிறகு, சட்டியை ஒட்டித் தட்டை வைத்து, கரண்டியால் முட்டையை அதில் நகர்த்தலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது

உப்பு, எண்ணெய், கரண்டி எதையும் இடம் மாற்றக் கூடாது. அடுப்பின் திருகில் ‘அணை’ நிலையைத் தடவி அறியும்படி சிறு மேடு ஒட்டலாம். வாங்குவதாக இருந்தால், தொடுதிரை அடுப்பைவிடத் திருகு வைத்த அடுப்பே நல்லது. அவர் சமைக்கும்போது பின்னாலிருந்து திடீரென்று கூப்பிடக் கூடாது.

முறையான பயிற்சி வேண்டுவோர் 1951இல் தொடங்கப்பட்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையோ, பினாங்கு செயின்ட் நிக்கலஸ் இல்லத்தையோ அணுகலாம்.

அம்மாவுக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். அதை அவரே பொரிக்கக் கற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள்களை ஒதுக்கினால், வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும் அவர் பசியோடு இருக்க மாட்டார்.