பால்மரக் காடும் பள்ளிக் கொட்டகையும்: காஹாங் வட்டாரத்தில் செய்முறை அறிவியல்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், குளுவாங் நகரையும் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங்கையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்த காஹாங், முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் சூழ வளர்ந்த சிற்றூராகும். மைல்கல்லைக் கொண்டு இடத்தைச் சுட்டும் பழைய தோட்ட வழக்கின்படி, ‘24ஆம் கட்டை’ என்னும் அடையாளத்தைப் பெயரிலேயே தாங்கிய தமிழ்ப்பள்ளி ஒன்றும் இங்கே உண்டு. மாணவர் தம் கையால் செய்து பார்த்து, கண்டதிலிருந்து முடிவுக்கு வரும் செய்முறை அறிவியல் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளை எவ்வாறு வந்தடைந்தது என்பதை இத்தகைய ஓர் ஊரில் நின்று நோக்கும்போது, ஒரு முரண் புலப்படுகிறது. அளத்தலும் கலத்தலும் உற்றறிதலும் தோட்டத்தில் பல தலைமுறைகளாக அன்றாட வேலையாகவே இருந்துவர, பள்ளிக்குள் அவை லண்டன், ஸ்காட்லாந்து, பினாங்கு, கோலாலம்பூர் எனச் சுற்றிக்கொண்டு மிகத் தாமதமாகவே நுழைந்தன. நுழைந்த பின்னும் வேலிக்கு அப்பால் நடந்ததை அவை பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

ரப்பர்த் தோட்டத்தின் வேலைமுறையைச் சற்று விரிவாகப் பார்ப்பது இங்கே தேவையாகிறது. பால் வெட்டுவோர் விடியுமுன்பே தம் மரவரிசையான நிரைக்குப் போனதற்கு வெயில் மட்டும் காரணமன்று. இலைகள் நீராவியை வெளியிடத் தொடங்குவதற்கு முன் பட்டைக்குள் இருக்கும் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால், அந்த நேரத்து வெட்டில்தான் பால் நிறைய வடியும். அக்குழாய்கள் நேர்க்குத்தாகச் செல்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆகவே இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்வெட்டு, அதே நீளமுள்ள எதிர்ச்சாய்வைவிடக் கூடுதலான குழாய்களை அறுக்கிறது. கத்தி ஓரளவுக்கு மேல் ஆழப் பதிந்தால், புதுப்பட்டையைத் தோற்றுவிக்கும் வளர்படலம் காயமுற்று, மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை, 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி பலவாறு சோதித்து நிறுவினார். அச்சோதனைகளின் முடிவுகள் கட்டுரைகளாகத் தமிழ்த் தொழிலாளியிடம் வரவில்லை; மணிக்கட்டின் பழக்கமாக வந்தன.

பால் பிடிக்கும் கிண்ணங்களான மங்குகளில் சேர்ந்த பால், வாளிகளில் பால் பதப்படுத்தும் ஸ்டோருக்கு வந்த பிறகு நடந்தது முழுமையான வேதியியல். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர், எஞ்சியது பெரும்பாலும் நீர் என்பதால், மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்த்து அடர்த்தியைக் கணித்தனர். பாலில் யாரேனும் தண்ணீர் கலந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். அமோனியா சேர்த்தால் பால் உறையாது நிற்கும், பார்மிக் அமிலம் சேர்த்தால் உறையும், எதுவும் சேர்க்காமல் மங்கிலேயே விட்டால் நுண்ணுயிர்கள் தாமே அமிலத்தை உண்டாக்கிக் கட்டிப்பாலாக்கிவிடும் என்னும் மூன்று உண்மைகளும் ஸ்டோரில் வேலை செய்த எவருக்கும் தெரிந்தவை. நுண்ணுயிர் என்னும் சொல்லும், காரணத்தின் விளக்கமும் மட்டுமே அவர்களுக்குத் தரப்படவில்லை. பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்கப் பெற்றோருடன் சென்ற பிள்ளைகளும் இவற்றையெல்லாம் பார்த்தே வளர்ந்தனர்.

அப்பிள்ளைகளுக்கான பள்ளி வேறொரு நோக்கத்தில் பிறந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்தவேண்டும் என விதித்தது. ஜொகூர் அக்கூட்டமைப்பைச் சேர்ந்ததன்று எனினும், தோட்டப்பள்ளி என்னும் அமைப்பு அங்கும் அதே வடிவில் பரவியது. ஒரு கொட்டகை, எழுத்தறிந்த ஒரு கிராணியோ (எழுத்தரோ) கங்காணியோ ஆசிரியராக, தமிழ்நாட்டிலிருந்து வந்த வாசகநூல் ஒன்று எனச் சட்டத்தின் எழுத்தை நிறைவுசெய்தால் போதும் என்று பல நிர்வாகங்கள் கருதின. எழுத்தும் எண்ணும் ஒப்புவித்தலும் கற்பிக்கப்பட்ட அவ்விடங்களில் அறிவியல் என்றொரு பாடம் இல்லாதது வியப்பன்று. தோட்டத்தொழிலாளியின் பிள்ளை தோட்டத்தொழிலாளியாகவே இருப்பதில் நிர்வாகத்துக்கு நலன் இருந்தது.

உலகின் பிற பகுதிகளில் இதற்குள் செய்முறைக் கல்வி ஓர் இயக்கமாகிவிட்டிருந்தது. இங்கிலாந்தின் வேதியியலர் ஹென்றி எட்வர்டு ஆர்ம்ஸ்ட்ராங் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மாணவரைக் கண்டுபிடிப்பாளரின் நிலையில் நிறுத்தித் தாமே விடைதேடச் செய்யும் ‘கண்டறி முறை’யை வலியுறுத்தினார். போரில் ஆய்வகங்களை இழந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948இல் வெளியிட்ட சிறு கையேடு, போத்தல், தகரம், மெழுகுத்திரி போன்ற கிடைத்த பொருள்களால் கருவிகளைச் செய்துகொள்ளும் வழிகளைக் கூறிற்று. அதுவே விரிந்து 1956இல் அறிவியல் ஆசிரியர்க்கான மூலநூலாயிற்று. ஆய்வகமே கண்டிராத தோட்டப்பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான நூலை எண்ணிப்பார்ப்பது கடினம்.

மலேசியாவின் சீர்திருத்தமோ மேலிருந்து தொடங்கியது. தென்கிழக்காசியக் கல்வியமைச்சர்கள் அமைப்பின் அறிவியல், கணித மையம் 1967இல் பினாங்கில் நிறுவப்பட்டது. 1969இல் ஸ்காட்லாந்தின் ஒருங்கிணைந்த அறிவியல் பாடத்திட்டமும், 1972இல் இங்கிலாந்தின் நப்ஃபீல்டு அறநிறுவனத்தின் இயற்பியல், வேதியியல், உயிரியல் திட்டங்களும் இடைநிலைப்பள்ளிகளுக்குத் தழுவப்பட்டன. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை முடித்து, மொழிமாற்றத்துக்கென அமைந்த புகுமுக வகுப்பில் மேலும் ஓராண்டைச் செலவிட்ட பிறகே தமிழ்ப்பள்ளி மாணவர் அந்த ஆய்வக மேசையை அடைந்தனர். நடுவில் நின்றுவிட்டோர் அதைத் தொடவேயில்லை.

காஹாங் அமைந்த குளுவாங் மாவட்டத்திலேயே நடந்த ஒரு பெரும் சோதனையை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்ல இயலாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனை மலேசியாவில் சரிவரக் காய்க்காததால், தொழிலாளர்கள், அவர்களுள் பலர் பெண்கள், ஆண் பூங்குலைகளின் மகரந்தத்தைச் சேகரித்து, பொடியுடன் கலந்து, பெண் பூங்குலைகளின் மேல் கையால் ஊதித் தெளித்துவந்தனர். காற்றே செம்பனையின் மகரந்தத்தைக் கொண்டுசெல்கிறது என்பது அக்காலத்து நூற்கருத்து. பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனில் ஆராய்ந்து, அங்கே இப்பணியைச் செய்வது சிறுவண்டு ஒன்றே எனக் காட்டினார். சோம்பு மணம் வீசும் ஆண் பூக்களில் இனம்பெருக்கும் அவ்வண்டு, அதே மணமுள்ள பெண் பூக்களுக்கும் மகரந்தத்தோடு சென்றுவருகிறது. பிற பயிர்களைத் தாக்காது என்று சோதித்த பின், 1981இல் அது மலேசியத் தீபகற்பத்தில் முதன்முதலாக விடப்பட்ட இடம் குளுவாங் பகுதித் தோட்டங்களே. மிகக் குறுகிய காலத்தில் கையால் தெளிக்கும் வேலை தேவையற்றுப்போயிற்று. உற்றறிதல், கருதுகோள், சோதனை, முடிவு ஆகிய நான்கும் பிள்ளைகளின் வீட்டு வாசலிலேயே அரங்கேறிய அரிய நிகழ்வு இது. ஆயினும் மகரந்தச் சேர்க்கையைக் கற்பிக்கும் வகுப்புகளின் வழக்கமான மாதிரி மலராகச் செம்பருத்தியே நீடித்தது.

1983இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கப்பள்ளிப் புதிய கலைத்திட்டம், அறிவியலை வரலாறு, புவியியல் ஆகியவற்றுடன் சேர்த்து இயற்கையும் மனிதனும் பற்றிய ஒரே பாடமாக்கியது. 1990களின் நடுப்பகுதியில் அறிவியல் தனிப்பாடமாகப் பிரிந்தபோது, இன்று எந்தத் தமிழ்ப்பள்ளி மாணவரும் அறிந்த கலைச்சொற்கள் வகுப்பறையில் வேரூன்றின. உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் தொடங்கிப் பரிசோதனை செய்தல் வரையுள்ள பன்னிரண்டும் ‘அறிவியல் செயற்பாங்குத் திறன்’ எனவும், கருவிகளையும் மாதிரிகளையும் முறையாகக் கையாளுதல் ‘கைவினைத் திறன்’ எனவும் வகுக்கப்பட்டன. பரிசோதனையில் வேண்டுமென்றே மாற்றப்படுவது தற்சார்பு மாறி. அதனால் மாறுவது சார்பு மாறி. மாறாமல் வைக்கப்படுவது கட்டுப்படுத்தப்பட்ட மாறி. அமிலத்தின் அளவை மாற்றிப் பால் உறையும் நேரத்தைக் கணக்கிட்ட ஸ்டோர்க்காரர் இம்மூன்றையும் பெயரின்றிக் கையாண்டவரே.

இந்தச் சொற்கள் செய்முறைக்குத் திறவுகோலாக வந்து, விரைவில் தேர்வுக்கான வாய்பாடாயின என்றே கூறவேண்டும். யூ.பி.எஸ்.ஆர். எனப்பட்ட ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வில் 1997 முதல் அறிவியல் தாள் சேர்ந்தது. யாரோ செய்த பரிசோதனையின் படமும் அட்டவணையும் தாளில் இருந்தன. அதன் நோக்கம், மாறிகள், ஊகம் ஆகியவற்றை மாணவர் எழுதவேண்டியிருந்தது. ஒரு பரிசோதனையும் செய்யாமலே ‘எது மிகுந்தால் எது மிகும்’ என்னும் வாக்கிய அமைப்பை மனனம் செய்து முழு மதிப்பெண் பெற முடிந்தது. பள்ளி அளவிலான செய்முறை மதிப்பீடு உடன் இருந்தும், தாளின் எடையே ஓங்கியது. இதற்கு நேரெதிரான முயற்சி ஒன்று இந்தியாவில் நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு கிராமப்பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், மலிவான பொருள்களால் சோதனை செய்யவைத்ததோடு நில்லாமல், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் நடத்தியது. தேர்வை மாற்றாமல் கற்பித்தலை மாற்ற இயலாது என்பதை அதன் அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தனர். அத்திட்டத்தையும் மாநில அரசு 2002இல் மூடிவிட்டது.

2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டு, அதே மூச்சில் அறிவியல் முதலாம் ஆண்டுக்கும் இறங்கியது. 2009இல் அக்கொள்கை கைவிடப்பட, பாடம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. பள்ளிக்கு வெளியே, அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கம் என்னும் தன்னார்வ அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்கென நடத்திவந்த அறிவியல் விழாக்கள், சிறுவர்கள் தாமே செய்த சோதனையை நடுவர்முன் விளக்கும் வாய்ப்பை அளித்தன. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். ஒழிக்கப்பட்டு வகுப்பறைசார் மதிப்பீடு அதன் இடத்தைப் பெற்றதால், வாய்பாட்டின் பிடி தளர்ந்தது. அதனால் மிஞ்சும் நேரத்தை ஆசிரியர் சோதனைக்குச் செலவிடுவாரா என்பது பயிற்சியையும் பொருளையும் பொறுத்தது. நூற்றைம்பது பேருக்கும் குறைவான மாணவரைக் கொண்ட தோட்டப்பள்ளிகளில் இரண்டுமே அரிதானவை.

காஹாங்கின் மற்றொரு வகுப்பறை காடு. மலாயா இயற்கைக் கழகம் 1985–86இல் எண்டாவ்-ரொம்பின் காட்டில் நடத்திய அறிவியல் பயணத்தில் ஆய்வாளரோடு தன்னார்வலரும் கலந்துகொண்டு, செடிகளையும் உயிரினங்களையும் பதிவுசெய்தனர். மரம் வெட்டுதலுக்கு எதிராக எழுந்த குரலுக்கு அப்பதிவுகள் ஆதாரமாயின. அக்காட்டின் ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. பூங்காவின் பேத்தா நுழைவாயிலுக்குக் காஹாங் வழியாகவே செல்லவேண்டும். அங்குள்ள இயற்கைக் கல்வி, ஆராய்ச்சி மையத்துக்குப் பள்ளிச் சிறுவர் முதல் பல்கலைக்கழக ஆய்வாளர் வரை எல்லா வயதினரும் வருகின்றனர். காட்டை வாழ்ந்தறிந்த ஜக்கூன் மக்கள் வழிகாட்டிகளாக உடன் நடக்கின்றனர். ஆனால் அந்த வாயிலை அடையுமுன் வண்டி நெடுந்தொலைவு செம்பனைத் தோட்டங்களை ஊடறுத்தே செல்கிறது. சோம்பு மணக்கும் ஆண் பூங்குலை ஒன்றை வெட்டி வெள்ளைத் தாளின்மேல் தட்டினால், உதிரும் வண்டுகளை ஏழு வயதுப் பிள்ளையும் எண்ணலாம். அதற்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை, ஆய்வகமும் தேவையில்லை, தோட்ட நிர்வாகத்தின் இசைவு ஒன்றே போதும்.