வாய்க்குள் எடுக்கும் பல் எக்ஸ்ரே

வாய்க்குள் சிறு ஃபிலிமையோ சென்சாரையோ வைத்து, கன்னத்துக்கு வெளியிலிருந்து கதிரைச் செலுத்திப் பல்லைப் படமெடுக்கும் முறை. இரண்டு பற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சொத்தை, வேர்முனைச் சீழ், ஈறுநோயால் கரைந்த எலும்பு ஆகியவை இதில் தெரியும். சென்னையின் மேற்குப் புறநகரில் இதைக் கற்பிக்கும் கல்லூரிகள் பல உள்ளன: 1988இல் தொடங்கப்பட்ட வேலப்பன்சாவடி சவீதா, மதுரவாயல் மீனாட்சி அம்மாள், முகப்பேர் தாய் மூகாம்பிகை. இத்தகைய கல்லூரிகளுக்கு ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ பல்வலியோடு வருபவர் பொதுவாக முதலில் உட்காருவது வாய் மருத்துவ, கதிரியல் துறையில்தான்.

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மானியரான ஒட்டோ வால்காஃப் தம் பற்களைப் படமெடுத்துவிட்டார்; அதற்கு 25 நிமிடம் கதிரில் இருந்தார். இன்று ஒரு நொடி கூட ஆகாது. கருவி இவ்வளவு மாறியும், படத்தின் தரத்தைத் தீர்மானிப்பது இன்னும் கோணம்தான்.

1907இல் செஷின்ஸ்கி வகுத்த இருசமக்கோண முறையில் ஃபிலிம் பல்லை ஒட்டிச் சாய்ந்திருக்கும். பல்லின் அச்சுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான கோணத்தை இரண்டாகப் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்குக் கதிர் செங்குத்தாக விழ வேண்டும். குழாய் அதிகம் செங்குத்தாகச் சாய்ந்தால் உச்சிவெயில் நிழல்போல வேர் குறுகும். சாய்வு போதாவிட்டால் மாலை நிழல்போல நீளும். வேர் சிகிச்சையில் இந்தப் பிழை சிறியதல்ல: தவறான நீளத்தை நம்பினால் கருவி வேர்முனையைத் தாண்டிவிடலாம்.

இணை முறையில் கோணத்தை இப்படி ஊகிக்க வேண்டியதில்லை. ஹோல்டர் ஃபிலிமைப் பல்லுக்கு இணையாக நிறுத்தும். கதிர் இரண்டுக்கும் செங்குத்தாக விழும். ஃபிலிம் பல்லிலிருந்து தள்ளி நிற்பதால் படம் பெரிதாகும். அதைச் சமாளிக்கக் குழாயை ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளி வைப்பார்கள். அண்ணம் தாழ்ந்தவர்க்கும் குழந்தைகளுக்கும் ஹோல்டர் பொருந்துவது கடினம்; மற்றவர்களுக்கு இதுவே சிறந்த முறை.

1925இல் ரேப்பர் கொண்டுவந்த பைட்விங்கில் ஃபிலிமின் சிறகைக் கடித்துக்கொண்டால் மேல், கீழ்ப் பற்களின் தலைப்பகுதி ஒரே படத்தில் விழும். 57 × 76 மி.மீ. ஃபிலிமைப் பற்களின் கடிபரப்பில் வைத்து எடுக்கும் அக்லூசல் படம், எச்சில் சுரப்பிக் கல்லைத் தேட உதவும். புதைந்த கோரைப்பல் உள்பக்கமா வெளிப்பக்கமா என்றறிய கிளார்க் சொன்ன வழி எளிது: குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால், குழாயோடு சேர்ந்து நகரும் பொருள் உள்பக்கம் இருக்கிறது.

கிளினிக்குகளில் 'ஆர்.வி.ஜி.' எனப்படும் டிஜிட்டல் முறை 1987இல் பிரான்சில் வந்தது. படம் நொடிகளில் திரையில் தெரியும், கதிரளவும் குறைவு. ஆனால் சென்சார் தடித்தது, வளையாது. குமட்டல் உள்ளவர்க்கு இதுவே தொல்லை.

இந்தியாவில் பல் எக்ஸ்ரே கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஒரு படத்தின் கதிரளவு மிகச் சிறிது. கோணம் தவறித் திரும்ப எடுப்பதுதான் வீண். ஃபிலிமை மருத்துவரோ உதவியாளரோ விரலால் பிடிக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் நாற்காலியில் உட்காரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.