பேரேட்டில் இல்லாத புள்ளி

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. எடை சுமார் 10 டன். பழைய கோயில் மண்டபத்தில் மிஞ்சியது என்று நினைத்து யாரும் கடந்துபோய்விடலாம். ஆனால் அதில் லத்தீன், தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி என்று நான்கு மொழிகளில் பொறித்திருப்பது, கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் அங்கே வானாய்வுக்கூடம் கட்டிய செய்தி. இவ்வளவு கனமான கல் எதைத் தாங்கியது என்று கேட்டால் விடை ஏமாற்றமாகத்தான் இருக்கும்: ஒரு சிறிய தொலைநோக்கியை. அதுவும் நினைத்த பக்கம் திருப்பக்கூடியதல்ல. தெற்கு வடக்காக ஒரே கோட்டில் மேலும் கீழும் மட்டுமே ஆடும். மற்றத் திசை எதுவும் தெரியாத அந்தக் கருவிக்குத்தான் இத்தனை பெரிய பீடம். வானத்தில் தெரியும் ஒரு புள்ளியை இன்னதென்று சொல்வது கூர்மையான கண்ணின் வேலை என்றே பொதுவாக நினைக்கிறோம். அது கணக்குப்பிள்ளையின் வேலை என்பதை, அந்தத் தூணும் அதைச் சுற்றி ஒரு நூற்றாண்டு நடந்தவையும் காட்டுகின்றன.

வேலை நடந்த விதம் இது. பூமி சுழல்வதால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கணத்தில் அந்தத் தெற்கு-வடக்குக் கோட்டைத் தாண்டும். தொலைநோக்கிக்குள் நூலிழைகள் நெடுக்காகக் கட்டியிருக்கும். பக்கத்தில் கடிகாரம். பார்ப்பவரின் கண் இழையில், காது கடிகாரத்தின் டிக் ஓசையில். இரண்டு டிக்குகளுக்கு நடுவே எந்தப் பங்கில் புள்ளி இழையைத் தொட்டது என்று மனதுக்குள் பிரித்து, எழுதிவைக்க வேண்டும். வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே நட்சத்திரத்தின் இடம் ஒன்றரை விகலை வரை தள்ளிப்போய்விடும். தூண் அசையக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. டி.ஜி. டெய்லர் 1830-இல் பொறுப்பேற்று இப்படியே இரவுகளைக் கழித்து, 1844-இல் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். பளிச்சென்று தெரிபவற்றைவிட, வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாதவையே அதில் அதிகம். பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்ணும் இடமும்தான். பெயரைவிட அதுதான் பயன்பட்டது. கப்பலோட்டிக்கும் நில அளவையாளருக்கும் வேண்டியிருந்தது முகவரி.

கடலோடிகளும் உழவர்களும் எந்தப் பட்டியலைப் புரட்டினார்கள், அவர்களுக்கு வானம் பழக்கமில்லையா என்று இங்கே ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விடிவெள்ளி என்ற பெயரிலேயே நேரம் எழுதியிருக்கிறது. அறுமீன் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் எழும் என்று அறிந்தவர் அந்தக் கூட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. மாதம், திசை, பொழுது மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார். சங்க நூல்கள் நாள்மீன், கோள்மீன் என்று இரண்டாகப் பிரிப்பதும் அப்படித்தான். ஒரே இரவு பார்த்து அந்தப் பிரிவினையைச் செய்யவே முடியாது. நேற்றைய இடத்தை யாரோ நினைவில் வைத்திருந்தால்தான் இன்று ஒன்று நகர்ந்திருப்பது தெரியும். நினைவும் ஓர் ஏடுதான் என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று, இதே வானாய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் தற்காலிகப் பொறுப்பில் இருந்த ஜான் வாரனிடமிருந்து வருகிறது. பஞ்சாங்கக் கணிதம் பற்றி 1825-இல் அவர் வெளியிட்ட ‘கால சங்கலித’த்தில் புதுச்சேரித் தமிழ்க் கணியர் ஒருவர் வருகிறார். அவர் ஓர் எண்ணைக்கூட எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கணக்குக்குப் பின்னால் இருந்த கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்பது வாரனின் குறை. குறையாக எடுத்துக்கொள்வானேன்? கோட்பாடு தெரியாமலே சந்திரன் எங்கே நிற்கும் என்று ஒருவரால் சொல்ல முடிந்தது என்றால், சொன்னது அவருக்கு முன்னால் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கணக்கு.

1861-இல் நார்மன் ராபர்ட் போக்சன் பொறுப்புக்கு வந்தார். நட்சத்திர ஒளியை அளக்க இன்றும் நாம் பயன்படுத்தும் படிநிலையை 1856-இல் வகுத்தவர் அவர்: ஒரு படிக்கும் அடுத்ததற்கும் 2.512 மடங்கு, ஐந்து படிக்கு 100 மடங்கு. சென்னைக்கு வந்த அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இந்தக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் குறுங்கோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயர். சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா என்று மேலும் நான்கு சென்னையிலிருந்தே பின்னால் வந்தன. கண்டுபிடிப்பு என்றதும் மின்னல்வெட்டுப் போன்ற ஒரு கணத்தை நாம் கற்பனை செய்கிறோம். நடந்தது வேறு. கோள்கள் போகும் பாதையை ஒட்டிய ஒரு துண்டு வானத்தில் உள்ள மங்கல் நட்சத்திரங்களையெல்லாம் வரைபடமாக்க வேண்டும். பிறகு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வானத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று நிற்கிறதா? அடுத்த இரவு அது இடம் மாறியிருக்கிறதா? தொலைநோக்கியில் குறுங்கோளுக்கும் நட்சத்திரத்துக்கும் தோற்றத்தில் துளி வேறுபாடு இல்லை. ஐரோப்பியர் அவற்றுக்கு இட்ட பெயரின் பொருளே ‘நட்சத்திரம் போன்றது’.

புதிதாகத் தெரியும் புள்ளி நகராமல் நின்றால்? அப்போது ஏட்டைத்தான் மறுபடி திறக்க வேண்டும். இந்த இடத்தில் வருகிறவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-இல் ‘ஆர் ரெட்டிகுலி’ ஒளி மாறும் நட்சத்திரம் என்று அவர் கண்டறிந்தார். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அது, மங்கும்போது சிறிய தொலைநோக்கிகளுக்கு அடியோடு மறைந்துவிடும். சென்னையில் அது உச்சத்தில் இருக்கும்போதுகூடத் தென் அடிவானத்திலிருந்து 14 பாகை உயரம்தான். கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டிக்குச் சற்று மேல். கடற்கரை ஊரின் ஈரப்பதமும் புழுதியும் சேரும் பகுதி அது. ஐரோப்பாவிலிருந்து பார்த்தால் அது எழுவதே இல்லை. இத்தனை தாழ்ந்த மங்கல் புள்ளியை எந்தக் கண்ணும் தற்செயலாகப் பார்த்து ‘மாறிவிட்டது’ என்று சொல்லிவிடாது. ஒரே நட்சத்திரத்துக்கு வெவ்வேறு இரவுகளில் எழுதிய இரண்டு பதிவுகள் ஒத்துப்போகாதபோதுதான் சந்தேகம் பிறக்கும். 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கும் சிறு நூலைத் தமிழ் உள்படப் பல மொழிகளில் அச்சிட்டார். வாக்கியத்தை மட்டும் நம்பாமல், கணக்கை வானத்தோடு ஒட்டவைக்கும் திருக்கணிதத்தின் பக்கம் நின்றார். அந்த வழக்கு நம் வீட்டு நாட்காட்டிகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டு பஞ்சாங்கங்களும் விற்கின்றன.

ஏடு பொய்யும் சொல்லுமே என்று கேட்பவர்களுக்கு இதே கட்டடத்திலேயே உதாரணம் உண்டு. போக்சனுக்கு முன்பிருந்த டபிள்யூ.எஸ். ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் அளவுகள் கணித்த பாதையிலிருந்து விலகுவதைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருக்கலாம் என்று 1855-இல் எழுதினார். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவுகளைக் காட்டிச் சொன்ன மிகப் பழைய வாதங்களில் அது ஒன்று. ஆனால் தவறு. யாரும் எதையும் பார்க்காமலே எண்களிலிருந்து ஒரு பேய் எழுந்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பேயை ஓட்டியது எது? கண் அல்ல. இன்னும் அதிக அளவுகளும், அப்படியொரு கூட்டம் நிலைத்திருக்க முடியாது என்று 1899-இல் வானியலாளர் மௌல்டன் போட்டுக் காட்டிய கணக்கும்தான்.

இப்போது கைபேசியை மேலே நீட்டினால் பெயர் வந்துவிடுகிறது. இனி ஏடு எதற்கு என்று தோன்றலாம். அந்தச் செயலிகளில் பெரும்பாலானவை வானத்தைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் நிற்கும் இடம், நேரம், கைபேசி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற மூன்றையும் வைத்து, அங்கே எது இருக்க வேண்டுமோ அதைப் பட்டியலிலிருந்து எடுத்துச் சொல்கின்றன. மேகம் மூடியிருந்தாலும் சொல்லும். திசைகாட்டி பிசகினால் பக்கத்து நட்சத்திரத்தின் பெயரைத் தயங்காமல் சொல்லும். படம் எடுத்து, புள்ளிகளின் அமைப்பை வைத்து இடம் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் உண்டு. அவையும் அட்டவணையோடு பொருத்தியே பேசுகின்றன. பொருந்தாமல் மிஞ்சும் புள்ளியை அடுத்த படம் வரும்வரை அவற்றாலும் தீர்மானிக்க முடியாது. செயற்கைக்கோள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நட்சத்திரப் பட்டியல் பல ஆண்டு தாங்கும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளின் பாதைக் கணக்கு சில நாளிலேயே பழசாகிவிடும். 1957 அக்டோபரில் உலகமே மாடியேறி ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொன்னது. 58 சென்டிமீட்டர் உருண்டை அது. பெரும்பாலோர் கண்ணில் பட்டது, அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தானும் சுற்றுப்பாதையில் தங்கிவிட்ட பெரிய ராக்கெட் பகுதி. செயற்கைக்கோள் பட்டியலில் முதல் எண் அந்த ராக்கெட்டுக்குத்தான். ஸ்புட்னிக்குக்கு இரண்டாவது எண்.

பேரேடு நிரம்பாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சென்னையே சாட்சி. பீலா என்ற வால்மீன் 1846-இல் இரண்டாகப் பிளந்து, 1852-இல் இரண்டு துண்டாகவே வந்துபோய், அதன்பிறகு காணாமற்போனது. 1872 நவம்பர் 27 இரவு, அதன் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகக் கொட்டின. பூமியை உரசிப்போன பீலா தெற்கு வானத்தில் இருக்க வேண்டும் என்று கணித்த ஜெர்மானியர் கிளிங்கர்ஃபூஸ், தம் ஊரிலிருந்து அந்தப் பகுதியைப் பார்க்க முடியாததால், தீட்டா சென்டாரி நட்சத்திரத்தின் அருகே தேடும்படி போக்சனுக்குத் தந்தி அடித்தார். மேகம் விலகிய டிசம்பர் 2-ஆம் நாள், சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வால்மீன் தெரிந்தது. மறுநாளும் தெரிந்தது, இம்முறை சிறு வாலோடு. இதைவிடத் தெளிவாக ஒரு கண் எதைப் பார்க்க முடியும்? ஆனால் ஒரு பாதையைக் கணிக்கக் குறைந்தது மூன்று இரவுகளின் இடம் வேண்டும். டிசம்பரில் சென்னை வானம் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். மூடிய மேகம் விலகியபோது வால்மீன் இல்லை. அது பீலாவின் பாதையோடு பொருந்தவில்லை என்று பின்னால் கணக்கிட்டவர்கள் சொன்னார்கள்; அப்படியானால் அது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்றைய வால்மீன் பட்டியலில் அதற்கு ‘எக்ஸ்/1872 எக்ஸ்1’ என்று பெயர். முன்னால் நிற்கும் அந்த ‘எக்ஸ்’, நம்பத்தக்க பாதை கணிக்க முடியாத வால்மீன்களுக்கு வானியலார் இடும் குறி.