கண்டியில் குற்றஞ்சாட்டப்பட்டோர் உரிமை

கைதானவரை அடித்து வாக்குமூலம் வாங்கக் கூடாது. அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லச் சட்டத்தரணி வேண்டும். குற்றம் எண்பிக்கப்படும்வரை அவர் நிரபராதியே. இன்று இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ள இந்த மூன்றும் கண்டியில் மன்னராட்சி முடிந்ததிலிருந்து எழுதப்பட்டும் அழிக்கப்பட்டும் வந்தவை.

கண்டி இராச்சியத்தில் அப்புக்காத்து (வாதாடும் சட்டத்தரணி) என்றொரு தொழிலே இருக்கவில்லை. வழக்காளிகள் தங்களுக்காகத் தாங்களே பேசினார்கள். சாட்சி இல்லாத சில வழக்குகள் சத்தியத்தில் முடிந்தன. கொதிக்கும் எண்ணெயில் விரலை முக்க வேண்டும், வெந்துபோனவன் தோற்றவன். 1660 முதல் 1679 வரை இங்கே கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். அரச துரோகம் என்றாலோ அந்த எண்ணெய்ச் சட்டிகூடக் கிடையாது. 1814இல் மன்னரின் அமைச்சரான (அதிகாரம்) எஹெலேபொல ஆங்கிலேயர் பக்கம் ஓடிப்போனதற்கு அவருடைய மனைவி மக்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

1815 மார்ச் 2 அன்று அரண்மனை மகுல் மடுவத்தில் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தின் 6ஆவது பிரிவு எல்லாவகைச் சித்திரவதையையும் உறுப்புக் குறைத்தலையும் தடைசெய்தது. தேசாதிபதியின் எழுத்துமூல ஆணையின்றி எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்ற முடியாது என்றது 7ஆவது பிரிவு. மை காய்ந்து மூன்று ஆண்டுகூட ஆகுமுன் கிளர்ச்சி மூண்டது; இராணுவச் சட்டம் வந்தது. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிப்பொல இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு 1818 நவம்பர் 26 அன்று போகம்பறையில் தலை வெட்டப்பட்டார்.

1833ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் கண்டிக்கும் கரையோரத்துக்கும் ஒரே உயர் நீதிமன்றத்தை ஏற்படுத்தியது. அந்த நீதிமன்றம் கைதிக்கு என்ன செய்ய முடியும் என்பது 1848இல் தெரிந்தது. மாத்தளைக் கிளர்ச்சியை அடக்க டொரிங்டன் தேசாதிபதி ஜூலை 29 அன்று இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் குடாபொல தேரர். அவர் குற்றமற்றவர் என்று கண்டிப் பிரக்கிராசிமார் (சட்டத்தரணிகள்) நம்பினார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அரசின் தலைமை வழக்குரைஞரான செல்பியே தேசாதிபதியிடம் போய்த் தண்டனையைத் தள்ளிப்போடக் கேட்டார். டொரிங்டன் மசியவில்லை. ஆகஸ்ட் 26 அன்று காவியுடையோடே தேரரைச் சுட்டார்கள்.

கிளர்ச்சியில் மன்னராக முடிசூடிக்கொண்ட கொங்காலேகொட பண்டா செப்டெம்பரில்தான் பிடிபட்டார். அவருடைய வழக்கு நவம்பர் 27 அன்று கண்டியில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது 100 கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் குறைந்தது. ஒப்புக்கொண்ட தலைவர் உயிரோடு கப்பலேறினார். நிரபராதி என்று ஊர் நம்பிய துறவி மண்ணில் கிடந்தார். ஒருவருக்குக் கிடைத்த மூன்று மாத அவகாசம் மற்றவருக்குக் கிடைக்கவில்லை. தேரரின் காவியுடை இலண்டன் நாடாளுமன்றம்வரை பேசுபொருளாகி, 1850இல் டொரிங்டன் பதவியிழந்தார்.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது குற்றவாளி என்ற சொல்லும் மலிந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டப்படி, துரையிடம் முன்னறிவிப்புத் தராமல் தோட்டத்தை விட்டுப் போன தமிழ்த் தொழிலாளி சிறைக்கே போகலாம். இன்றைக்கு இதை வேலையை விட்டு விலகுதல் என்போம். 1920களின் தொடக்கத்தில்தான் அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீங்கின.

இதற்கிடையே 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் ஒரு பெரிய காரியம் செய்தது. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு (குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு) எதிராக எண்பிக்க முடியாது என்றது அதன் 25ஆம் பிரிவு.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தார். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றியவர் இடதுசாரி அப்புக்காத்து கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டு ஜூனில், போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ், வழக்கே இல்லாமல் கொல்வினும் தடுத்து வைக்கப்பட்டார். சக இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரோடு போகம்பறைச் சிறையில் இருந்தார். வாதாட நீதிமன்றம் இல்லாததால் அப்புக்காத்து வேறு வழியைத் தேடினார்: 1942 ஏப்ரலில், ஒரு சிறைக்காவலரின் துணையோடு நால்வரும் தப்பினார்கள். முப்பது ஆண்டுக்குப் பின், அடிப்படை உரிமைகளுக்கென அத்தியாயம் கொண்ட முதல் இலங்கை அரசியலமைப்பு 1972இல் வந்தபோது, அதற்குப் பொறுப்பான அமைச்சர் கொல்வின்தான்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. கைது, நியாயமான விசாரணை, சட்டத்தரணி, நிரபராதி அனுமானம் எல்லாம் 13ஆம் உறுப்புரையில் வருகின்றன. வசதியற்றவருக்கென அதே ஆண்டுச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. அடுத்த ஆண்டே பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் சுமையும் எதிரியின் தலையில் விழுந்தது. 1895இல் பூட்டிய கதவுக்கு இது பின்வாசல்.

மொழி இன்னொரு சுவர். கண்டி நீதிமன்றங்களின் மொழி சிங்களம். தோட்டத்திலிருந்து வந்த தமிழர் எதிரிக் கூண்டில் நிற்கும்போது, அவருடைய பிணையைப் பற்றி நடக்கும் பேச்சே அவருக்குப் புரியாமல் போகலாம். ‘என்ன சொன்னாங்க, ஐயா?’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல அரசே மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 24(3) உறுப்புரை.

1876இல் எழுந்த போகம்பறைச் சிறை 2014 தொடக்கத்தோடு மூடப்பட்டது. விளக்கமறியல் கைதிகளை ஏற்றிய பஸ் இப்போது பல்லேகலையிலுள்ள தும்பறைச் சிறையிலிருந்து நகருக்கு வருகிறது.