ஒரே ஒரு மாணவன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், 'நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் எடுக்கிறேன்' என்று மகள் சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? முதலில் மௌனம். அப்புறம் அந்தக் கேள்வி. 'கதை, கவிதையெல்லாம் வீட்டிலேயே படிச்சுக்கலாமே. அதுக்கு எதுக்கு காலேஜ்?'

கேட்ட அப்பாவைத் திட்டாதீர்கள். 1887-ல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே ஒருவர் இதைக் கேட்டார். எட்வர்ட் ஃப்ரீமன். சரித்திரப் பேராசிரியர். அங்கே அதுவரை இலக்கியம் என்றால் கிரேக்கம், லத்தீன்தான். ஆங்கில இலக்கியத்தையும் தனிப் பாடமாக வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது மனிதர் கொதித்துவிட்டார். ரசனைக்குப் பரீட்சை வைக்க முடியுமா? எதை வைத்து மார்க் போடுவீர்கள்?

பி.காம். படித்த எனக்கு ஃப்ரீமனின் கட்சி சட்டென்று புரிகிறது. பேலன்ஸ் ஷீட் டாலி ஆனால் மார்க். ஆகாவிட்டால் முட்டை. ஷெல்லியின் கவிதை டாலி ஆனதா இல்லையா என்று யார் சொல்வது?

ஃப்ரீமன் தரப்பு அந்த முறை ஜெயித்தது. 1894-ல்தான் ஆக்ஸ்ஃபோர்ட் இறங்கி வந்தது. அதிலும் ஒரு சமரசம். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம், அதன் இலக்கணம் என்று பாடத்தில் நிறையத் திணித்தார்கள். இலக்கணம் என்றால் சரி, தப்பு உண்டே! மார்க் போட்டுவிடலாம்.

ஆரம்பத்தில் இதை ஆர்வமாக எடுத்தவர்களில் பெண்கள் அதிகம். படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், தேறினார்கள். டிகிரி மட்டும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்ட் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920-ல்.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ஆக்ஸ்ஃபோர்ட் இப்படி யோசித்துக்கொண்டிருந்ததற்குப் பல வருடம் முன்பே நம் ஆட்கள் ஷேக்ஸ்பியரை உருப்போட ஆரம்பித்துவிட்டார்கள். 1830-களில் கல்கத்தா ஹிந்து காலேஜில் ஷேக்ஸ்பியர், மில்டன் எல்லாம் பாடம். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. பட்டம் வேண்டுமா, ஆங்கிலத்தில் தேறு.

எல்லோரும் தேறினார்களா? ஆர்.கே. நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் கோட்டை விட்டார். எந்தப் பாடத்தில்? சாட்சாத் இங்கிலீஷில்! அடுத்த ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து புத்தகமாகப் படித்துத் தள்ளினார். 1935-ல் 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' லண்டனில் வெளிவந்தது. ஃப்ரீமன் உயிரோடு இருந்திருந்தால், 'நான் அப்பவே சொன்னேனே' என்றிருப்பார்.

இலக்கியம் படிப்பதற்கே இந்தப் பாடு. எழுதுவதைப் பாடமாக வைத்தால்?

வைத்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், 1936-ல். ஒருவர் எழுதிய கதையை எல்லோரும் வாசிப்பார்கள். பிறகு அவர் எதிரிலேயே அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பார்கள். அவ்வளவுதான் வகுப்பு.

1945-ல் ஜர்னலிசம் படிக்க அங்கே ஒரு தெற்கத்திப் பெண் வந்தாள். ஒருநாள் எழுத்துப் பட்டறையின் தலைவர் பால் எங்கிளைப் பார்க்கப் போனாள். அவள் பேச்சு அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஒரு பேப்பரை நீட்டி, 'எழுதிக் காட்டும்மா' என்றார். தன் பெயரை எழுதி, உங்கள் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தாள். ஃப்ளானரி ஓ'கானர். அமெரிக்கச் சிறுகதையின் பெரிய பெயர்களில் ஒன்று. வகுப்பில் அவள் கதைகளை எங்கிளே வாசித்துக் காட்டுவாராம்.

இங்கிலாந்து ரொம்ப லேட். 1970-ல் நார்விச் நகரத்தில் உள்ள ஈஸ்ட் ஆங்க்லியா பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் ஒரு எம்.ஏ. வகுப்பு தொடங்கினார்கள். இருவருமே நாவலாசிரியர்கள். சேர்ந்த மாணவர்கள் எத்தனை பேர்?

ஒருவர்.

இழுத்து மூடவில்லை. அந்த ஒற்றைப் பையன் கதைகளாக எழுதிக் குவித்தான். அவர்கள் படித்தார்கள். பையன் பெயர் இயான் மெக்இவன். 1998-ல் புக்கர் பரிசு வாங்கினார். அவருக்குப் பத்து வருடம் ஜூனியர், காஸுவோ இஷிகுரோ. 2017-ல் நோபல்.

இந்த வகுப்பு இல்லாவிட்டால் இவர்கள் எழுதியிருக்க மாட்டார்களா? எழுதியிருப்பார்கள், நாராயண் மாதிரி. ரசனைக்கு மார்க் போட முடியாது என்று ஃப்ரீமன் சொன்னதும் வாஸ்தவம்தான். ஆனால், இருபத்திரண்டு வயதில் நீங்கள் எழுதும் கதையை உட்கார்ந்து படிக்க உலகத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது? நார்விச்சில் இரண்டு பேருக்கு இருந்தது. ஃபீஸ் கட்டியது அதற்குத்தான்.