சர்வர் எரிஞ்சா உங்க வெப்சைட் என்ன ஆகும்? டிஎன்எஸ், பேக்கப் எங்கே இருக்கணும்? - எளிய விளக்கம்

2021 மார்ச் 10, நள்ளிரவு தாண்டிய நேரம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. ஐந்து மாடி கொண்ட எஸ்பிஜி2 கட்டடம் முழுவதும் எரிந்து நாசமானது. பக்கத்தில் இருந்த எஸ்பிஜி1 கட்டடத்தில் 12 அறைகளில் 4 அறைகள் அழிந்தன. மீதி இரண்டு கட்டடங்களிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால், இணையத்தைக் கண்காணிக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கின.

வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் அதை எடுத்துப்போட்டு மீண்டும் எழுந்தார்கள். அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த சிலருக்கு எல்லாமே போச்சு. 'ரஸ்ட்' என்ற ஆன்லைன் கேமின் ஐரோப்பிய சர்வர்கள் 25 எரிந்துபோயின. அந்த டேட்டாவை மீட்கவே முடியவில்லை.

எத்தனை சர்வர் இருக்கு என்பதை விட, அவை எங்கே இருக்கு என்பதே முக்கியம். ஏன் என்று பார்ப்போம்.

டிஎன்எஸ் என்றால் என்ன?

மொபைலில் பெயரைத் தட்டினால் போதும், நம்பருக்கு கால் போகிறது. டிஎன்எஸ் செய்வதும் அதுதான். நீங்கள் டைப் செய்யும் இணையதளப் பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித் தருகிறது. இந்த விவரத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்குப் பெயர் நேம்சர்வர்.

நேம்சர்வர் பதில் சொல்லாவிட்டால், சர்வர் நன்றாக ஓடினாலும் யாராலும் உள்ளே வர முடியாது. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் 6 மணி நேரம் முடங்கியது நினைவிருக்கா? பராமரிப்புப் பணியில் நடந்த தவறால் அந்த நிறுவனத்தின் உள் நெட்வொர்க் துண்டானது. அதன் நேம்சர்வர்களையும் வெளியுலகம் எட்ட முடியாமல் போனது. டேட்டா எதுவும் அழியவில்லை, வழிதான் தெரியவில்லை.

பல சர்வர்களுக்கு ஒரே டிஎன்எஸ் எதுக்கு?

ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் ஐந்து சர்வர்களில் வாடிக்கையாளர்களின் தளங்களை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி நேம்சர்வர் என்றால், ஒரு தளத்தை முதல் சர்வரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போது, வாடிக்கையாளர் தன் டொமைன் கணக்கில் போய் நேம்சர்வரையும் மாற்ற வேண்டும்.

அதனால் ஐந்துக்கும் பொதுவாக இரண்டு, மூன்று நேம்சர்வர்களை வைக்கிறார்கள். எந்த சர்வரில் மாற்றம் செய்தாலும் அந்த விவரம் எல்லா நேம்சர்வருக்கும் தானாகவே போய்விடும். தளம் இடம் மாறினால் ஐபி முகவரியை மட்டும் மாற்றினால் போதும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். ஒவ்வொரு டிஎன்எஸ் பதிலையும் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு, அதன் பெயர் டிடிஎல். அது 86,400 நொடி என்றால், ஒரு நாள் வரை பலர் பழைய முகவரிக்கே போவார்கள். இடம் மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே அதை 300 நொடியாகக் குறைத்துவிட்டால், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.

எங்கே தப்பு நடக்குது?

நேம்சர்வர் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது வழக்கம். சிலர் ஒரே சர்வருக்கு இரண்டு பெயர் வைத்து கணக்கை முடித்துவிடுவார்கள். அந்த ஒன்று விழுந்தால் இரண்டும் அவுட். தளம் மட்டுமில்லை, மெயில் வருவதும் சிக்கலாகும். நேம்சர்வர்கள் வெவ்வேறு ஊரில், வெவ்வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை 1997-லேயே வந்துவிட்டது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டிஎன்எஸ் பொது என்றால் தப்பும் பொதுதான். ஒரு இடத்தில் தெரியாமல் அழித்தால், எல்லா இடத்திலும் அழியும். அதனால் டிஎன்எஸ் விவரங்களுக்கும் பேக்கப் கட்டாயம்.

பேக்கப்: 3-2-1 விதி

டேட்டாவுக்கு 3 நகல்கள், 2 வகை சேமிப்புக் கருவிகள், அதில் 1 நகல் வேறு இடத்தில். இதுதான் 3-2-1 விதி. ஒரே சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றைப் போலவே இன்னொன்று வைப்பது பேக்கப் ஆகாது. ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும்.

பேக்கப் சர்வர்தான் மற்ற சர்வர்களுக்குள் வந்து டேட்டாவை எடுத்துப் போக வேண்டும். ஹோஸ்டிங் சர்வரிடம் பேக்கப் சர்வரின் சாவியைக் கொடுத்து வைத்தால், அதை ஹேக் செய்பவர் பேக்கப்பையும் அழித்துவிடுவார்.

பேக்கப் இருந்தும் பயனில்லாமல் போகுமா?

போகும். 2017 ஜனவரி 31-ல் கிட்லேப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி டேட்டாவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அது ஏற்கெனவே வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. 6 மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி.

நீங்கள் என்ன கேட்கணும்?

உங்கள் கடைக்கோ நிறுவனத்துக்கோ வெப்சைட் இருந்தால், அதைப் பார்த்துக்கொள்பவரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்:

* நேம்சர்வர்கள் வெவ்வேறு இடத்தில் இருக்கா?
* பேக்கப் எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் இருக்கு?
* எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கிறீங்க?
* கடைசியா எப்போ ரீஸ்டோர் பண்ணிப் பார்த்தீங்க?

பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் வாடிக்கையாளர் ஒருவரின் ஒப்பந்தத்தில் பேக்கப் தனியாக இருக்கும் என்று எழுதியிருந்தது. ஆனால் அது எரிந்த கட்டடத்திலேயே இருந்தது. 2023 ஜனவரியில் பிரான்சின் லில் நகர வணிக நீதிமன்றம், ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தர உத்தரவிட்டது.

கடைசியாக ஒன்று. டொமைன் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். அதற்குக் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்க வேண்டாம். டிஎன்எஸ் முடங்கிய நாளில், பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வராது.